காட்டுப்பன்றியும் வீட்டுப் பட்டியும்



புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில் நெல்லும் மரக்கறியும் பயிரிடும் உங்களுக்குக் காட்டுப்பன்றியை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. வண்ணாத்திவில்லுப் பக்கத்தில் வில்பத்துக் காடு நம் கமங்களுக்கு அண்மையிலேயே நிற்கின்றது. கதிர் பால் பிடிக்கும் காலத்தில் ஒரு கூட்டம் ஓரிரவு வயலில் இறங்கினால், தின்றது சிறிது, மிதித்து உழக்கியது பெரிது. மரவள்ளியும் வற்றாளையும் கச்சானும் அதன் மூக்குக்குத் தப்புவதில்லை. இம்மாவட்டத்தில் பன்றி உண்போரும் உளர், உண்ணாதோரும் உளர். பயிரிழப்பு இரு சாராருக்கும் ஒன்றே.

ஆகவே அதனைத் தடுத்தல், பிடித்தல், வளர்த்தல், உண்ணுதல் என்னும் நான்கையும் பற்றி இன்று பேச விரும்புகின்றேன். நான்கிலும் முதன்மையான செய்தியை முதலிலேயே கூறிவிடுகின்றேன்: காட்டுப்பன்றிக் குட்டியை உயிருடன் வீட்டுப் பட்டிக்குக் கொண்டு வராதீர்கள்.

தாயை இழந்த குட்டியொன்று புதரோரத்தில் அகப்படுகின்றது. பார்ப்பதற்கு அழகாயிருக்கின்றது, உடம்பில் நீளக் கோடுகள் உள்ளன. வளர்த்தால் செலவின்றி இறைச்சி கிடைக்குமே என்று ஒருவர் எண்ணுகின்றார். இவ்வெண்ணத்திலே இரண்டு தவறுகள் உண்டு.

முதலாவது, இலாபம் இல்லை. நல்லின வீட்டுப்பன்றி நன்கு உணவூட்டினால் ஏறத்தாழ ஆறு மாதத்தில் விற்கத்தக்க நிறையை அடையும். காட்டுப்பன்றி அந்நிறைக்கு வர ஓராண்டுக்கு மேலாகும். ஆண்குட்டி வளர்ந்து கொம்புப்பல் முளைத்ததும், உணவிட்ட கையையே கிழிக்கும்.

இரண்டாவது, இதனினும் கொடியது. காட்டுப்பன்றியும் வீட்டுப்பன்றியும் ஓரினமே. ஒன்றுக்கு வரும் நோய் மற்றதற்கும் வரும். 2024 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் உறுதிப்படுத்தப்பட்டது. 1921 இல் கென்யாவில் முதன்முதல் விவரிக்கப்பட்ட இந்நோய், 2018 இல் சீனாவையும் 2020 இல் இந்தியாவின் அசாம் மாநிலத்தையும் அடைந்து, பின்னர் நம் தீவுக்கும் வந்தது. வென்னப்புவ, மாரவில, சிலாபம் முதலிய இடங்களை உள்ளடக்கிய மேற்குக் கரையே இந்நாட்டில் பன்றி வளர்ப்பு மிகுந்த பகுதி என்பதை நீங்கள் அறிவீர்கள். இரண்டு மூன்று பன்றிகளின் விலையைக் கொண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவைச் சமாளிக்கும் குடும்பங்கள் இங்கே பல.

இந்நோய் மனிதரைத் தொற்றாது. ஆயினும் கடுமையாக வந்தால் பட்டியிலுள்ள பன்றிகளுள் ஏறக்குறைய யாவும் மாளும். குணப்படுத்தும் மருந்து இல்லை. நோய்க்கிருமி உட்சென்று, அறிகுறி தோன்ற நான்கு நாள் முதல் பத்தொன்பது நாள் வரை செல்லலாம். ஆதலின் இன்று துள்ளி விளையாடும் குட்டி நோயற்றது என்று எவரும் உறுதி கூற இயலாது. கடுங்காய்ச்சல், உணவு மறுத்தல், காதும் வயிறும் செந்நீலமாதல், திடீர்ச் சாவு ஆகியவை இதன் அடையாளங்கள்.

காட்டிலிருந்து வீட்டுக்கு வருவது போலவே, நோய் வீட்டிலிருந்து காட்டுக்கும் செல்லும். செத்த பன்றியைக் காட்டோரத்திலோ களப்பிலோ எறிந்தால், அதனைத் தின்னும் காட்டுப்பன்றி நோயைச் சுமக்கும். பின்னர் அது நோயை மற்றொருவர் பட்டிக்குத் திருப்பிக் கொண்டு வரும். எனவே பன்றிகளை அவிழ்த்து விடாது அடைத்து வளருங்கள். உணவகக் கழிவை இடுவதாயின், கிளறியபடி முப்பது நிமிடம் கொதிக்க வைத்து ஆறிய பின்னரே இடுங்கள். இறைச்சித் துண்டு கலந்த பச்சைக் கழிவே இந்நோய் பரவும் பெருவழிகளுள் ஒன்று. குளிரூட்டிய இறைச்சியில் பல வாரங்களும், உறைய வைத்த இறைச்சியில் ஆண்டுக்கணக்கிலும் இக்கிருமி உயிர் வாழும்.

இனித் தடுத்தலும் பிடித்தலும். பன்றி வேலியைத் தாண்டுவதிலும் பார்க்கக் கீழே தோண்டி நுழைவதே அதிகம். ஆதலால் வேலியின் அடிப்பாகமே உறுதியாயிருத்தல் வேண்டும். கம்பி வலையை ஓரடி ஆழத்துக்குப் புதைத்து, கிளிசிரிடியாக் கதியால்களை நெருக்கமாக நட்டால் பல காலம் நிற்கும். ஒருவர் வயலுக்கு மட்டும் வேலியிட்டால் பன்றி அயலவர் வயலுக்குச் செல்லும். ஆகவே வயற்காரர் பலர் கூடிச் சேர்ந்து இடுவதே சிக்கனம்.

பிடிப்பதாயின் விழுகதவுள்ள கூட்டுப்பொறியே தக்கது. ஒவ்வொரு காலையும் அதனைப் பார்வையிடுங்கள். வேறு விலங்கு அகப்பட்டிருப்பின் வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்துக்கு அறிவியுங்கள். கம்பிச் சுருக்கு சிறுத்தையையும் கொல்லும். ஹக்கபட்டாஸ் எனப்படும் வாய்வெடி யானைக் கன்றின் வாயைச் சிதைத்துப் பட்டினியால் சாகச் செய்யும். தடத்தில் கட்டும் கட்டுத்துவக்கும் வேலியில் பாய்ச்சும் மின்சாரமும் விடியற்காலையில் தண்ணீர் கட்டச் செல்லும் கமக்காரரையே கொன்றிருக்கின்றன. இவை யாவும் சட்டத்துக்கு மாறானவை. வில்பத்துத் தேசிய வனத்தினுள் எவ்விலங்கையும் வேட்டையாடுதல் குற்றமாகும். வெளியே பிடிக்க முன்னரும், இறைச்சியைக் கொண்டு செல்ல முன்னரும், அவ்வலுவலகத்திலும் அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலும் அன்றைய விதியைக் கேட்டறியுங்கள்.

இறுதியாக, உண்போருக்குச் சில சொற்கள். தானாகச் செத்த பன்றியையும், தள்ளாடித் திரிந்த பன்றியையும் உண்ணற்க. அறுக்கும்போது கையுறை அணியுங்கள். வயல்வேலையால் கையில் வெடிப்போ காயமோ இருப்பின் அவ்வேலையைப் பிறரிடம் விடுங்கள். பன்றியின் சிறுநீரிலும் சிறுநீரகத்திலும் எலிக்காய்ச்சற் கிருமி இருக்கலாம். 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு எலிக்காய்ச்சல் கண்டதாக அறிவிக்கப்பட்டது. நெல்வயலில் இறங்குவோரே இந்நோய்க்கு மிகுதியும் ஆளாகின்றனர். அறுத்தபின் சில வாரங்களுக்குள் காய்ச்சலும் தசைநோவும் கண்டால், பன்றி அறுத்த செய்தியையும் வைத்தியருக்குக் கூறுங்கள்.

தசையிலே அரிசிமணி போன்ற வெண்கொப்புளங்கள் தென்பட்டால், அவை நாடாப்புழுவின் இளம்பருவம், அவ்விறைச்சியை விலக்குக. கண்ணுக்குத் தோன்றாத திரிகினெல்லாப் புழுவும் இருக்கலாம். உப்புக்கண்டமிடுதலும், வெயிலில் உலர்த்துதலும், புகையூட்டுதலும் இப்புழுவை உறுதியாகக் கொல்வதில்லை. காட்டு விலங்கின் சிலவகைப் புழுக்கள் உறைய வைத்தாலும் சாவதில்லை. சிறு துண்டுகளாக வெட்டி, நடுவிலும் செந்நிறம் நீங்கும்வரை நன்கு கொதிக்க வைத்தலே பாதுகாப்பு. ஈரலைப் பாதி வேக்காட்டில் உண்ணுதல் கூடாது. இரத்தத்தையும் குடலையும் நாய்க்கோ பட்டிப் பன்றிக்கோ இடாது, ஆழமாகப் புதையுங்கள். அறுத்த உடையுடனும் பாதணியுடனும் பட்டிக்குள் நுழையாதீர்கள்.

கமக்காரர்களே, காட்டோரத்தில் பன்றிகள் செத்துக் கிடக்கக் கண்டால் தொடாது, அன்றே அரச கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். நட்டம் வருமோ, குற்றம் சுமத்தப்படுமோ என்று மறைப்பவர் தம் பட்டியைக் காப்பதில்லை. அயலவர் பட்டியையும் இழக்கச் செய்கின்றார். பன்றியைக் காட்டிலே நிறுத்துவோம். பயிரை வேலியால் காப்போம். பட்டியை நோயினின்றும் காப்போம்.