கேட்பவர் பணம் வைக்கட்டும்

பட்டமளிப்பு மேடையில் கனவு காணச் சொல்வது வழக்கம். நான் ஒரு கணக்கோடு வந்திருக்கிறேன். புதிய அதிவேக ரயில்பாதைக்கு யார் பணம் தர வேண்டும்? அது தேவைதான் என்று யார் சொல்ல வேண்டும்? இரண்டுக்கும் பதில் ஒன்றே என்பது என் கருத்து. பாதையால் எனக்கு ஆதாயம் என்பவர் தன் பணத்தில் ஒரு பங்கை முதலில் மேசையில் வைக்க வேண்டும். வைக்கத் தயங்குபவர் சொல்லும் ஆதாயத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. உங்களில் பலர் இத்தகைய திட்ட அறிக்கைகளைத் தயாரிக்கும் அலுவலகங்களில்தான் நாளை உட்காரப் போகிறீர்கள். அதனால்தான் இதை இங்கே பேசுகிறேன்.

ஜப்பானின் தேசிய ரயில்வே 1987-ல் சுமார் 37 லட்சம் கோடி யென் கடனோடு கலைக்கப்பட்டு, தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்தது. அந்தக் கடன் முழுவதையும் புல்லட் ரயிலின் தலையில் கட்டுவது நியாயமாகாது. நட்டத்தில் ஓடிய கிராமத்துப் பாதைகளுக்கும் ஓய்வூதியச் சுமைக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் தங்கள் தொகுதிக்குப் பாதை கேட்ட அரசியல்வாதிகள் ஒருபுறமும் செலவைச் சுமந்த ரயில்வே மறுபுறமும் இருந்தது அந்தக் கதையின் ஒரு பகுதி. பின்னர் முறை மாறியது. புதிய பாதையை அரசு அமைப்பு கட்டுகிறது. ரயில் ஓட்டும் நிறுவனம் தனக்குக் கிடைக்கும் ஆதாயத்தின் அளவுக்கு வாடகை தருகிறது. மீதிச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு மத்திய அரசின் பொறுப்பு, ஒரு பங்கு பாதை போகும் மாகாணத்தின் பொறுப்பு. இந்த ஒரு பங்கு என்ன செய்யும் என்பதைக் கியூஷு தீவில் பார்க்கலாம். 2022 செப்டம்பரில் நாகசாகிக்குத் திறந்த அதிவேகப் பாதை 66 கி.மீ. நீளம்தான், நாட்டின் வேறெந்த அதிவேகப் பாதையோடும் அது சேரவில்லை. தீவின் முக்கிய நிலையமான ஹகாட்டாவிலிருந்து கிளம்புபவர் பழைய பாதையில் விரைவு ரயிலில் வந்து, தக்கேவோ ஒன்சென் நிலையத்தில் இறங்கி, அதே பிளாட்பாரத்தின் மறுபக்கம் நிற்கும் புல்லட் ரயிலில் பெட்டி படுக்கையோடு ஏற வேண்டும். இடையிலுள்ள சாகா மாகாணம் முழு அதிவேகப் பாதைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. அது முதலில் சம்மதித்தது, இரு வேறு அகலமுள்ள தண்டவாளங்களிலும் சக்கரத்தைச் சரிசெய்துகொண்டு ஓடும் ரயிலுக்கு. அந்தத் தொழில்நுட்பம் கைகூடவில்லை. சாகா நகரிலிருந்து ஹகாட்டாவுக்கு இப்போதே 40 நிமிடத்துக்குள் போய்விடலாம். புதிய பாதையில் மிஞ்சுவது கால் மணி நேரம். அதற்காகப் பெருந்தொகை தரவேண்டும், பழைய பாதையில் ரயில்கள் குறையும் அபாயம் வேறு. பாதியில் தொங்கும் பாதை என்று இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கோ அந்த முறை ஒழுங்காக வேலை செய்ததாகத்தான் படுகிறது. நாகசாகிக்கு ஆதாயம் பெரிது, சாகாவுக்குச் சிறிது என்பதை எந்த ஆலோசகரின் அறிக்கையும் இவ்வளவு பளிச்சென்று சொல்லியிருக்காது.

மும்பை–அகமதாபாத் பாதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீளம் 508 கி.மீ.; 12 நிலையங்களில் 8 குஜராத்தில், 4 மகாராஷ்டிரத்தில். தொடக்க மதிப்பீடு சுமார் 1.08 லட்சம் கோடி ரூபாய். அதில் 81 விழுக்காடு ஜப்பானியக் கடன்: வட்டி 0.1 விழுக்காடு, 50 ஆண்டுத் தவணை, முதல் 15 ஆண்டு அசல் கட்ட வேண்டியதில்லை. மூலதனமாக மத்திய அரசு 10,000 கோடி, இரு மாநிலங்களும் தலா 5,000 கோடி. எட்டு நிலையத்துக்கும் நான்கு நிலையத்துக்கும் ஒரே தொகை என்றால், ஆதாயத்தை அளந்து வைத்த தொகையாக அது தெரியவில்லை. மொத்தச் செலவில் ஐந்து விழுக்காட்டைக்கூட எட்டாத அந்தப் பங்கு எவரையும் கட்டிப்போடவும் இல்லை. 2019 இறுதியில் மகாராஷ்டிரத்தில் ஆட்சி மாறியது. முதல்வர் உத்தவ் தாக்கரே மறுபரிசீலனைக்கு உத்தரவிட்டார், வெள்ளை யானை என்றார். 2022-ல் மீண்டும் ஆட்சி மாறியதும் அனுமதிகள் வேகமெடுத்தன. இடையில் மாறியது ஆட்சிதான்; பயணம் செய்யப்போகிற மக்களின் தேவை அப்படியேதான் இருந்தது. பால்கர் மாவட்டத்தில் ஆதிவாசிக் குடும்பங்களின் நிலம் போனது. மும்பையின் பாந்த்ரா–குர்லா வளாகத்தில் முனைய நிலையத்தைச் சுற்றி மனை வைத்திருப்பவருக்கோ உட்கார்ந்த இடத்திலேயே மதிப்பு ஏறும். பணம் கேட்டு முதலில் தட்ட வேண்டிய கதவு அவருடையது.

ஜப்பானியக் கடனுக்கு வட்டியே இல்லாத மாதிரிதானே என்பார்கள். கடன் யென்னில், டிக்கெட் வருமானம் ரூபாயில். யென் இன்று சரிந்து கிடக்கலாம். ஐம்பது ஆண்டும் அப்படியே கிடக்குமென்று யாரும் எழுதித் தரவில்லை. ஆடித் தள்ளுபடி என்பதற்காகத் தேவையில்லாத புடவை வாங்கினாலும் பில் வரத்தான் செய்யும்.

தனியாரிடமே விட்டுவிடலாமே என்பது இன்னொரு வாதம். தைவான் அப்படித்தான் செய்தது. 2007 ஜனவரியில் ஓடத் தொடங்கிய அந்தப் பாதையில் எதிர்பார்த்த கூட்டம் ஏறவில்லை. வட்டியும் தேய்மானமும் அழுத்தின. 2009-ல் நிர்வாகம் அரசின் கைக்கு வந்தது; 2015-ல் உரிமக் காலத்தை 35 ஆண்டிலிருந்து 70 ஆக நீட்டிக் காப்பாற்றினார்கள். டோக்கியோ–ஒசாகா பாதைக்கு இப்படிக் கணக்குக் கேட்டிருந்தால் அது பிறந்திருக்குமா என்றும் கேட்கலாம். அங்கே செலவு மதிப்பீட்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ரயில்வேத் தலைவர் சோகோவும் தலைமைப் பொறியாளர் ஷிமாவும் 1963-ல் பதவி விலகினார்கள், மறு ஆண்டு திறப்பு விழா மேடையில் அவர்கள் இல்லை. ஆனால் அந்தத் தடத்தின் பழைய பாதை பிதுங்கி வழிந்துகொண்டிருந்தது. டிக்கெட் வாங்கும் கூட்டம் கண்ணெதிரே நின்றது. 8 கோடி டாலர் கடன் தந்த உலக வங்கியும் அதைப் பார்த்துத்தான் தந்தது.

என்னை உண்மையில் யோசிக்க வைக்கும் மறுப்பு வேறு: பணமுள்ள ஊருக்கே பாதை என்றாகிவிடாதா? பங்கின் அளவை அந்தந்த ஊரின் வசதிக்கேற்ப வைக்கலாம்; சிறியதாக இருந்தாலும் அது உறைக்க வேண்டும். அதற்கும் வழியில்லாத பகுதிக்குக் கொடுப்பதென்று நாடு முடிவு செய்தால் தாராளமாகக் கொடுக்கட்டும். அதை மானியம் என்று பெயர் சொல்லி, நாடாளுமன்றத்தில் வாக்கெடுத்துக் கொடுக்கட்டும். பயணிகள் எண்ணிக்கையை ஊதிப் பெருக்கி அதற்குள் மானியத்தை ஒளிக்க வேண்டாம். அந்தப் பகுதி மக்களைக் கேட்டால் முன்பதிவில்லாப் பெட்டி இன்னும் நான்கு வேண்டும் என்று சொன்னாலும் சொல்வார்கள்.

நம் பக்கத்திலும் ஆய்வுக்கு எடுத்த தடம் ஒன்று உண்டு: சென்னை–பெங்களூரு–மைசூரு, சுமார் 435 கி.மீ. சென்னை, பெங்களூரு என்ற இரு பெருநகரங்களுக்கும் நடுவே ஆந்திரத்தின் சித்தூர். இந்த அறிக்கை உங்கள் மேசைக்கு வரும்போது, சித்தூர்ப் பக்கம் எத்தனை ஏக்கர் போகும், அங்கே நாளொன்றுக்கு எத்தனை ரயில் நிற்கும் என்ற இரு எண்களையும் ஒரே பக்கத்தில் அச்சிடுங்கள். ஆந்திரம் குறைவாகத்தான் தருவேன் என்றால், மிச்சத்தை ஏற்கத் தயாரா என்று தமிழ்நாடு, கர்நாடகச் சட்டமன்றங்களைக் கேட்கச் சொல்லுங்கள். தயார் என்றால் பாதை வரட்டும். இல்லையென்றால், 2022 நவம்பரிலிருந்து அதே ஊர்களுக்கிடையே வந்தே பாரத் ஓடுகிறது. அந்தத் தண்டவாளத்தில் வளைவுகளை நேராக்கி வேகத்தைக் கூட்டுவதற்கும் நல்ல இன்ஜினியர்கள் வேண்டும்.