தூசிதானேன்னு விடாதீங்க



அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் 1930-ல் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போட்டாங்க. உள்ளே இறங்கியவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்கள். தண்ணீர் விடாமலே பாறையைத் துளைச்சாங்க, முகமூடியும் தரலை. சிலிக்கா தூசி நுரையீரலில் படிஞ்சு 700 பேருக்கு மேல் இறந்தாங்கன்னு பிற்கால ஆய்வு சொல்லுது. மூன்று மகன்களைப் பறிகொடுத்த ஒரு தாய், எக்ஸ்ரே எடுக்கக் காசில்லாமல் சாலையில் கையேந்தி நின்றார்.

சிலிக்கோசிஸ் வந்தால் குணமாகாது, வராமல் தடுக்கலாம். நம்ம வீட்டு ஆட்கள் குவாரிக்கோ சுரங்க வேலைக்கோ போனா கேளுங்க: தண்ணி விட்டுத் துளைக்கிறாங்களா? மாஸ்க் தர்றாங்களா? இருமல் நிக்கலைன்னா, என்ன வேலை செய்றோம்னு டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க. காசநோய் மாதிரியே தெரியும். கூலியை எண்ணுற நாம, மூச்சையும் கவனிப்போம்.