திருவிழா நாளும் உறுமிக்காரரும்



நின்ற நாராயணப் பெருமாள் குன்றின்மேல் கோயில் கொண்டிருக்கும் இந்தத் திருத்தங்கலில் ஆட்டக்கலையைப் பற்றி உரையாற்றும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். தங்கால் என்னும் ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு தாங்கிப் பாடிய பொற்கொல்லன் வெண்ணாகனாருக்கும், சிலப்பதிகாரத்தில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு எடுத்துரைக்கும் கதையில் வரும் வார்த்திகனுக்கும் ஊர் இதுவே என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. அந்தச் சிலப்பதிகாரத்திலேயே அரங்கேற்று காதையில் ஒரு விசேஷம் உண்டு. மாதவி வலக்காலை முன்வைத்து அரங்கத்தில் ஏறுவதற்கு முன்பாக, ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழோன் என்று ஒவ்வொருவருடைய இலக்கணத்தையும் இளங்கோவடிகள் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ஆடுகிறவளைக் காணவே ஆவலோடு இருக்கும் நம்மை, வாசிக்கிறவர்களைப் பார்த்துவிட்டு வரும்படி அவர் ஏன் நிறுத்திவைத்தார் என்பதை யோசித்துக்கொண்டே நான் சொல்லப்போவதைக் கேளுங்கள்.

ஒயிலாட்டத்தைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். ஆயினும் சற்றே இங்கிலாந்து தேசம் வரையில் போய்த் திரும்புவோம். அங்கே மாரிஸ் ஆட்டம் என்று ஒரு கிராமிய ஆட்டம் இருக்கிறது. 1448-ஆம் ஆண்டில் லண்டன் பொற்கொல்லர் சங்கத்தார் அவ்வாட்டக்காரர்களுக்கு ஏழு ஷில்லிங் கொடுத்த கணக்கு இன்றும் கிடைக்கிறது. எனவே அதன் வயது ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலானது. பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டைச் சுற்றிய கிராமங்களில் வழங்கிவந்த முறையில், ஆறு ஆண்மக்கள் மூவர் மூவராக இரு வரிசையில் நின்று, முழங்காலுக்குக் கீழே தோலில் கோத்த மணிகளைக் கட்டிக்கொண்டு, கைகளில் வெள்ளைக் கைக்குட்டைகளை வீசி ஆடுவார்கள். சில ஆட்டங்களில் கைக்குட்டைக்குப் பதிலாகக் கோல்களைத் தட்டுவதும் உண்டு. காலில் சலங்கையும் கையில் வண்ணத் துணியும் தலையில் பாகையுமாக நம்மூர் இளைஞர்கள் வரிசை கட்டி ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. இந்த ஒற்றுமையைக் கண்டு, அங்கிருந்து இங்கே வந்தது, இங்கிருந்து அங்கே போனது என்று வாதாட வேண்டிய அவசியமும் இல்லை. உழைத்துக் களைத்த மனிதனுக்குத் துணியை வீசி ஆடத் தோன்றுவதற்குக் கப்பலேறி வந்து எவரும் கற்பிக்க வேண்டியதில்லை அல்லவா?

அந்த ஆட்டம் சென்ற நூற்றாண்டின் வாயிலில் ஏறக்குறைய அற்றுப்போகும் நிலையில் இருந்தது. ஹெடிங்டன் குவாரி என்னும் செங்கல் சூளைக் கிராமத்துக் குழு 1887-ஆம் ஆண்டோடு ஆட்டத்தை விட்டுவிட்டது. பழமைகளைச் சேகரிப்பதில் பிரியமுள்ள பெர்சி மானிங் என்பவர் 1899-இல் முயன்று அவர்களை மீண்டும் ஆடவைத்தார். அவர்களுடைய மரபுப்படி ஆட்டத்திற்குரிய காலம் வசந்தத்தின் இறுதியில் வரும் விட்சன் திருநாள். ஆனால் அவ்வாண்டு குளிர்காலத்தில் உறைபனி இறுகிக் கட்டடவேலை நின்றுவிடவே, கையில் காசில்லாத அத்தொழிலாளிகள், பருவம் தவறிய காரியம் என்று தெரிந்திருந்தும், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மணிகளைக் கட்டிக்கொண்டு வீடுவீடாக ஆடப் புறப்பட்டார்கள். மழை பிடித்துக்கொண்டால் மருந்து உலராமல் பட்டாசு வேலையும் தீப்பெட்டி வேலையும் முடங்கிப்போவதை அறிந்த நமக்கு அவர்களுடைய நிலைமை நன்றாகவே விளங்கும். அன்று, 1899 டிசம்பர் 26-ஆம் தேதி, அவர்கள் ஆடிய ஒரு வீட்டில் செசில் ஷார்ப் என்னும் சங்கீத ஆசிரியர் விருந்தினராகத் தங்கியிருந்தார். ஜன்னல் வழியே ஆட்டத்தைப் பார்த்தவர் மறுநாள் யாரை அழைத்துவரச் சொன்னார் தெரியுமா? மணி கட்டி ஆடியவர்களையல்ல. கான்செர்ட்டினா என்னும் சிறு துருத்திப் பெட்டியை வாசித்த வில்லியம் கிம்பர் என்னும் கொத்தனாரை! அவர் வாசிக்க வாசிக்க மெட்டுகளை எழுதிக்கொண்டார். அந்த ஏட்டிலிருந்து வளர்ந்ததுதான் 1911-இல் ஷார்ப் நிறுவிய ஆங்கிலக் கிராமிய ஆட்டச் சங்கம். அதற்கு முன்பே, மேரி நீல் அம்மையார் லண்டனில் நடத்திவந்த மன்றத்தைச் சேர்ந்த தையற்கூலிப் பெண்களுக்கு இதே கிம்பர் சென்று ஆட்டம் கற்பித்தார். ஆண்களுக்கே உரியதென்று கருதப்பட்ட ஆட்டத்தை அந்தப் பெண்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நம் கொங்கு நாட்டிலும் வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்குக் கற்பித்துப் பரப்பிய பெரியவர் பத்திரப்பன் அவர்களுக்கு 2024-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சிவகாசிச் சீமையில் ஆண்களுக்குச் சமமாகக் கூலிவேலை செய்யும் பெண்மக்கள் இதைக் கவனிக்க வேண்டுமென்று விரும்புகிறேன்.

நம் ஒயிலாட்டத்திற்கு வருவோம். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கலைப் போன்ற அம்மன் விழாக்கள்தாம் இவ்வட்டாரத்தில் அதற்குரிய காலம். அந்தி சாய்ந்தபின் மந்தையில் வாத்தியார் சிங்கியைத் தட்டி ஓரடி பாடுவார். ஆடுகிறவர்கள் அதையே திருப்பிப் பாடிக்கொண்டு காலை எடுத்து வைப்பார்கள். இராமாயணமும் வள்ளி திருமணமும் கட்டபொம்மன் கதையும் எழுத்தறியாத வாய்களில் மனப்பாடமாக நின்றது இந்தப் பழக்கத்தால்தான். முதலில் மந்தமாகத் தொடங்கும் அடவு, மேளத்தின் நடை ஏற ஏறத் துரிதமாகி, வரிசை முழுவதும் ஒரே வீச்சில் திரும்பும். ஒருவன் கால் பிசகினாலும் பக்கத்தில் நிற்பவனுடைய சலங்கை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அண்டையிலுள்ள தூத்துக்குடி ஜில்லாவில் ஜமீன் கோடாங்கிபட்டி என்னும் சிற்றூர் தேவராட்டத்தால் பிரசித்தி பெற்றது. இராஜகம்பளத்து நாயக்கர் சமூகத்தார் ஆடிவரும் அவ்வாட்டத்திற்குப் பாட்டே கிடையாது. உறுமி இனத்தைச் சேர்ந்த தேவதுந்துபி சொல்லுகிறது, கால் கேட்கிறது, அவ்வளவுதான். முழவின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்துக் குமுறவைத்து, மறுமுகத்தை அடித்து நடையை மாற்றுகிறவரே அங்கே பாடகரும் ஆசிரியரும் சூத்திரதாரியும் ஆவார். கையில் ஏந்திய துணி எத்தனை அழகாகப் பறந்தாலும், அவர் கை ஓய்ந்த இடத்தில் ஆட்டம் நின்றுவிடுகிறது.

இக்காலத்தில் பள்ளி விழாக்களிலும் அரசாங்க விழாக்களிலும் இவ்விரு ஆட்டங்களுக்கும் மேடை கிடைத்திருப்பது சந்தோஷமே. 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் கிராமியக் கலைஞர்களைப் பட்டணத்து வீதிகளுக்கும் பூங்காக்களுக்கும் அழைத்துச் சென்றது பெரிய காரியந்தான். ஆனால் ஐந்து நிமிஷம் ஒதுக்கி, ஒலிப்பெட்டியில் பதிவுசெய்த மேளத்தைப் போட்டு, பட்டுச் சட்டைக்கும் ஜிகினாப் பாகைக்கும் பணத்தைச் செலவிட்டு ஆடுகிற ஆட்டத்தைக் காணும்போது எனக்குச் சிறிது கோபமே உண்டாகிறது. பதிவுசெய்த மேளம் ஆடுகிறவன் களைப்பை அறியாது. அவன் உத்சாகம் பொங்கும்போது நடையை ஏற்றவும் அதற்குத் தெரியாது. மேடை நிகழ்ச்சி எந்தத் தேதியிலும் நடக்கலாம். பங்குனிப் பொங்கலோ வருஷத்தில் ஒருமுறைதான் வரும், அதற்குத் தப்பினவனுக்கு அடுத்த வருஷந்தான். அந்தக் கண்டிப்பு இருந்ததனாலேயே மாசி மாதத்தில் பிள்ளைகள் பழக்கத்திற்கு வந்து சேர்ந்தார்கள்.

ஆகவே விழாக் குழுவினரிடம் என் விண்ணப்பம் இது. வருகிற ஆண்டு பரிசுக் கேடயங்களை வாங்க வேண்டாம். புதிய சீருடையும் வேண்டாம். பழைய வேட்டியில் ஆடினால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். வசூலாகும் தொகையில் முதற்பங்கை உறுமி வாசிப்பவருக்கும் தவில்காரருக்கும் எடுத்து வையுங்கள். அதையும் விழா நாளுக்கு மட்டும் என்றில்லாமல், பழக்கம் நடக்கும் ஒவ்வோர் இரவுக்கும் கணக்கிட்டு, மறுநாள் வேலையை இழக்கும் கூலியையும் சேர்த்து, கையோடு கொடுத்துவிடுங்கள். கூடவே அவரிடம் உறுமி கற்க இரண்டு பிள்ளைகளை, அவர்களில் ஒருத்தி பெண்பிள்ளையாக இருக்கட்டும், மாசி முதல் தேதியிலேயே அனுப்பிவையுங்கள். குச்சியும் தோலும் வாங்கும் செலவுக்கு என்னால் இயன்றதை இந்த மேடையிலேயே பொருளாளர் அவர்களிடம் ஒப்படைக்கிறேன். இரசீதை வாத்தியார் பெயருக்கே எழுதிவிடலாம்.