ஒளித்து வைத்த புத்தகம்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

என்னோடு கேண்டீனில் கடன் வைத்த நண்பர்களே, இன்று இங்கே பயிலும் தம்பி தங்கைகளே!

நம் சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "பத்து நிமிஷம் பேசணும், தலைப்பு உன் இஷ்டம்" என்றார். தொழில் தொடங்குவது பற்றியோ வெளிநாட்டு வேலை பற்றியோ பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். நான் பேசப் போவது ஒரு சிறுவர் துப்பறியும் நாவலைப் பற்றி. சிரிக்காதீர்கள். கதையைச் சொல்லி முடித்ததும் ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ளப் போகிறேன். குற்றவாளி இதே மேடையில்தான் நிற்கிறான்.

என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். தினமும் இரவு அவளுக்கு ஒரு அத்தியாயம் படித்துச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அப்படிப் படித்த நாவல்தான் 'எஸ்கேப் ஃப்ரம் மிஸ்டர் லெமன்செல்லோஸ் லைப்ரரி'. எழுதியவர் கிறிஸ் கிராபென்ஸ்டீன் என்ற அமெரிக்கர். விளம்பரத் துறையில் இருந்துவிட்டு எழுத்துக்கு வந்தவர். நாவல் வெளிவந்தது 2013ல்.

கதை நடப்பது ஒஹாயோ மாநிலத்தில், ஒரு சிறிய ஊரில். அந்த ஊரில் இருந்த பொது நூலகத்தைப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் இடித்துவிட்டு, கார் நிறுத்த அடுக்குக் கட்டடம் கட்டிவிட்டார்கள். ஆகவே அந்த ஊரில் பன்னிரண்டு வயதாகும் பிள்ளைகள் பொது நூலகம் என்பதையே பார்க்காமல் வளர்ந்தவர்கள். அதே ஊரில் வளர்ந்து, விளையாட்டுகளை உருவாக்கி விற்றுப் பெரும் கோடீஸ்வரரான லெமன்செல்லோ, தன் சொந்தச் செலவில் ஒரு புதிய நூலகம் கட்டித் தருகிறார். கட்டுரைப் போட்டி வைத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைத் திறப்பு விழாவுக்கு முன்பே உள்ளே ஓர் இரவு தங்க வைக்கிறார். மறுநாள் விளையாட்டு தொடங்குகிறது: வந்த வாசல் வழியாக வெளியே போகக் கூடாது, அவசர வழிகளும் கூடாது. நூலகத்துக்குள் இருக்கும் குறிப்புகளை மட்டும் வைத்து வேறு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

கொலை இல்லை, ரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை. ஆனால் என் மகள் கொட்டாவி விடாமல் கேட்டாள். காரணம், அங்கே துப்பு என்பது புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்தான். மெல்வில் டூயி 1876ல் வெளியிட்டாரே, அறிவை எல்லாம் பத்து வகுப்பாகப் பிரித்து எண் கொடுக்கும் முறை, அதை வைத்தே பிள்ளைகள் துப்புத் துலக்குகிறார்கள். நூலகத்தின் மேற்கூரையிலேயே அந்தப் பத்து வகுப்புக்கும் பத்துத் திரைகள் ஒளிர்கின்றன. 'டூயி டெசிமல்' என்றாலே கொட்டாவி வரும் என்று நினைத்திருந்த எனக்கு, அதையே புதையல் வரைபடமாக மாற்றிய அந்த எழுத்தாளரின் சாமர்த்தியம் பிடித்துப் போயிற்று.

கதையின் நாயகன் கைல் பெரிய படிப்பாளி இல்லை. விளையாட்டுப் பிள்ளை. ஆனால் தனியாக ஓடாமல், அகிமி, மிகேல், சியரா என்று ஒரு குழுவைச் சேர்த்துக் கொள்கிறான். சியராவுக்கு வெற்றி தோல்வியில் அக்கறையே இல்லை. மற்றவர்கள் ஓடும்போது அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து படித்துக் கொண்டிருப்பாள். எதிர் முகாமில் சார்லஸ் என்று ஒருவன். நன்றாகப் படிப்பவன், அழகாகப் பேசுபவன். ஆனால் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக எதையும் செய்வான். வழி எது, வென்றது யார் என்பதை நான் சொல்ல மாட்டேன், படித்துக் கொள்ளுங்கள்.

ஓர் இரவு, சார்லஸ் வரும் பகுதியைப் படித்துக் கொண்டிருந்தேன். மகள் சட்டென்று கேட்டாள்: "அப்பா, நீங்க படிக்கிறப்போ கைல் மாதிரியா, சார்லஸ் மாதிரியா?"

"கைல் மாதிரிதான்மா" என்றேன். விளக்கை அணைத்துவிட்டு வந்து படுத்தால், தூக்கம் வரவில்லை. நான் சொன்னது பொய்.

இனி குற்றத்துக்கு வருகிறேன். 2009ம் ஆண்டு. நான்காம் செமஸ்டர். தெர்மோடைனமிக்ஸ் தேர்வுக்கு ஐந்து நாள். அந்தப் பாடத்துக்கு எல்லோரும் தேடும் புத்தகத்தில், வெளியே எடுத்துப் போக முடியாத பிரதி ஒன்றே ஒன்று நூலகத்தில் இருந்தது. அதன் இடம் 621.402, வெப்பப் பொறியியல். நான் அதை மாலை வரை படித்தேன். மறுநாளும் எனக்கே வேண்டும் என்று தோன்றியது. அக்கம் பக்கம் பார்த்தேன். நேராக 894.811க்குப் போனேன். தமிழ் இலக்கியம். கவிதைத் தொகுதிகளுக்குப் பின் வரிசையில் செருகிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல விடுதிக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கிறீர்கள். சிரிப்பவர்கள் எல்லாம் என் கூட்டாளிகள் என்று எடுத்துக் கொள்கிறேன்.

என் வகுப்பில் ஒரு நண்பன். அவன் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவன்தான். புத்தகம் விலைக்கு வாங்க வசதி இல்லை. நூலகம்தான் அவனுக்குப் புத்தகக் கடை. மூன்று நாள் மாலை அந்தப் புத்தகத்தைத் தேடினான். கணினியில் 'உள்ளது' என்று காட்டியது, அலமாரியில் இல்லை. "எவனோ அமுக்கிட்டான்டா" என்று என்னிடமே வந்து புலம்பினான். நான் "அப்படியாடா?" என்றேன்.

அந்தத் தாளில் அவனுக்கு அரியர் விழுந்தது. அடுத்த முறையே எழுதித் தேறிவிட்டான். ஆனால் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த ஒரு நிறுவனம், அரியரே வைக்காதவர்கள் மட்டும் வரலாம் என்றது. நான் உள்ளே போனேன். அவன் வெளியே வேப்பமரத்தடியில் என் பையை வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இன்று என் தொழில் கிடங்குகளுக்கு அடுக்கு வடிவமைப்பது. எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருவார்கள்: இடம் மாறி வைத்த பெட்டி, இல்லாத பெட்டிக்குச் சமம். கணக்கில் இருக்கும், கைக்கு வராது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புத்தகம்தான் ஞாபகம் வரும்.

நூலகத்துக்கு இலக்கணம் வகுத்தவர் நம் சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணிதம் கற்பித்துக் கொண்டிருந்தவர், சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்பது. நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. ஒரு புத்தகத்தை இரண்டு அலமாரி தள்ளி வைத்து, ஒரே மாலையில் இரண்டு விதிகளையும் மீறியவன் நான்.

போன மாதம் அந்த நண்பனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் இப்போது மோட்டார் பம்பு தயாரிக்கும் சிறிய பட்டறை நடத்துகிறான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒன்றுதான் கேட்டான்: "எங்கடா வெச்சே?" சொன்னேன். "அட, அங்க மட்டும்தான்டா நான் தேடலை" என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் இன்று இந்த அரங்கில் இருக்கிறான். அவன் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். பெயர் சொல்ல வேண்டாம் என்றான்.

இன்று காலை, பணி ஓய்வு பெற்ற நம் நூலகர் ஐயாவையும் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "வருஷக் கடைசியில ஸ்டாக் எடுக்கறப்போ தமிழ் அலமாரியிலதான்பா உங்க இன்ஜினீயரிங் புத்தகமெல்லாம் கிடைக்கும். தமிழ்ப் புத்தகத்தை எவனும் தொட மாட்டான்னுதானே அங்க வெச்சீங்க? எனக்கு அது ரெண்டாவது வருத்தம்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடமும் இருக்காது.

நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடத்தைச் சொல்லி முடிக்கிறேன். லெமன்செல்லோ ஏன் இவ்வளவு பணம் போட்டு அந்த ஊருக்கு நூலகம் கட்டினார்? சிறுவனாக இருந்தபோது, இடிக்கப்பட்ட அந்தப் பழைய நூலகத்தில் ஒரு நூலகர் அம்மையார் அவர்மீது அன்பு காட்டினார்; அங்கேதான் அவருடைய யோசனைகள் முளைவிட்டன. அந்தக் கடனைத்தான் அவர் அடைக்கிறார். நாம் யாரும் லெமன்செல்லோ இல்லை. ஆனால் நமக்கும் இங்கே கடன் இருக்கிறது. கேண்டீன் கடனைச் சொல்லவில்லை.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு செமஸ்டரிலும் எல்லோரும் அடித்துக் கொள்ளும் பாடநூல்களில், விலைக்கு வாங்க முடியாத பிள்ளைகளுக்கென்றே கூடுதல் பிரதிகள் வாங்கி ஒரு புத்தக வங்கி அமைக்க வேண்டும். தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்தில் பத்துப் பிரதிகள் என் செலவு. அவற்றை இன்றே கொண்டு வந்திருக்கிறேன். அரங்கின் பின்னால் அட்டைப் பெட்டியில் இருக்கின்றன.

தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. இந்த நிமிஷம் நம் நூலகத்தில் எங்கேயாவது நீங்கள் ஒளித்து வைத்த புத்தகம் இருந்தால், இன்று மாலைக்குள் எடுத்துப் போய் நூலக மேசையில் வைத்துவிடுங்கள். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், நூலகரிடம் பேசிவிட்டேன். அந்தப் புத்தகத்தை யாரோ ஒருவர் மூன்றாவது நாளாகத் தேடிக் கொண்டிருக்கலாம். எடுக்கப் போகிற சாக்கில், அது எந்தத் தமிழ்ப் புத்தகத்துக்குப் பின்னால் இருந்ததோ, அதையும் கையில் எடுத்து நாலு பக்கம் படியுங்கள். ஐயாவின் இரண்டாவது வருத்தமும் தீரட்டும்.

என் மகள் கேட்ட கேள்விக்கு இன்னும் சரியான பதில் சொல்லவில்லை. ஊருக்குப் போனதும் சொல்லப் போகிறேன்.