38911: ஒரு பழைய கணினி விழித்தெழும் விதம்

இன்றைய உரையில் பல எண்கள் வரும். அவற்றில் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: முப்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று. முடிந்தால் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், 38911.

கமடோர் 64 என்பது 1980களின் வீட்டுக் கணினி. விசைப்பலகையும் கணினியும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஸ்விட்சைப் போட்டால், இரண்டு விநாடி கழித்து நீலத் திரை வரும். அதில் வெளிர்நீல எழுத்துகளில், நினைவகம் 64கே என்றும் பேசிக் என்ற நிரல் மொழிக்கு 38911 பைட் காலியாக இருக்கிறது என்றும் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. அதன்கீழே ‘ரெடி’ என்ற சொல். அதற்கும் கீழே மின்னி மின்னி மறையும் கர்சர். இவ்வளவும் வந்துவிட்டால் பெட்டி நலமாக இருக்கிறது என்று பொருள். வராதபோது என்ன செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் பெட்டியின் பிறப்பைப் பற்றிக் கொஞ்சம். கமடோர் நிறுவனத்தை வழிநடத்திய ஜாக் ட்ராமியல், புதிய வீட்டுக் கணினி ஒன்றை 1982 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த நுகர்வோர் மின்னணுக் கண்காட்சியில் வைத்தாக வேண்டும் என்று முடிவெடுத்தபோது, கையில் இருந்தது வாரக் கணக்கிலான அவகாசம்தான். படம் காட்டும் சிப்பை ஆல் சார்பென்டியரும் ஒலி எழுப்பும் சிப்பை பாப் யானஸும் ஏற்கெனவே வடிவமைத்து முடித்திருந்தார்கள். அவற்றைச் சுற்றி மிச்சக் கணினியை அவசரமாகக் கட்டினார்கள். கண்காட்சியில் 595 டாலர் என்று விலை சொன்னபோது போட்டி நிறுவனத்தார் நம்ப முடியாமல் திகைத்தார்கள். கமடோர் நிறுவனம் 1976லேயே மாஸ் டெக்னாலஜி என்ற சிப் தொழிற்சாலையை வாங்கி வைத்திருந்தது, தனக்கு வேண்டிய முக்கிய சிப்களைத் தானே செய்துகொண்டது. விலை குறைந்த ரகசியம் அதுதான். பெட்டி ஒரு கோடிக்கும் மேல் விற்றது, 1994 வரை உற்பத்தியில் இருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் நிறுவனம் திவாலானது.

அதனால் இன்று உலகில் இருக்கும் எந்த அசல் கமடோர் 64க்கும் முப்பது வயதுக்குக் குறைவில்லை. அன்றைய கம்பெனியின் பழுதுபார்க்கும் கடை கிடையாது. பெட்டியை வைத்திருப்பவரே அதற்கு வைத்தியரும்.

அவரிடம் வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். சிவப்பு விளக்கு எரிகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெட்டியைத் திறந்து, சிப்களைப் பிடுங்கத் தோன்றும். நேயர்களே, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது பெட்டிக்கு வெளியே இருக்கிறது. பவர் சப்ளை!

கமடோரின் பவர் சப்ளை செங்கல் மாதிரி கனக்கும் ஒரு கட்டை. உள்ளே பிசினை ஊற்றி இறுக்கிவிட்டிருப்பதால் திறந்து பழுதுபார்க்க வழியில்லை. அதிலிருந்து ஒரே கேபிளில் இரண்டு வகை மின்சாரம் வரும். ஒன்று 5 வோல்ட் நேர்மின்சாரம், மற்றொன்று 9 வோல்ட் மாறுமின்சாரம். சிவப்பு விளக்கு அந்த 5 வோல்ட்டில் எரிவது. 9 வோல்ட் வராவிட்டாலும் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். ஆனால் ஆரம்பகாலப் பெட்டிகளில், படம் காட்டும் சிப்புக்கான மின்சாரம் அந்த 9 வோல்ட்டிலிருந்துதான் பிரித்து எடுக்கப்படுகிறது. ஆகவே போர்டில் இருக்கும் சின்னக் கண்ணாடி ஃபியூஸ் ஒன்று போனாலே போதும், விளக்கு எரியும், திரை இருண்டிருக்கும். சில ரூபாய் ஃபியூஸ் அது. அதைப் பார்க்காமல் நல்ல சிப்களையெல்லாம் கழற்றிச் சேதப்படுத்தினால் மனம் பதறாதா?

மின்சாரம் வராமல் போவதைவிட மோசமானது அதிகமாக வருவது. கட்டைக்குள் இருக்கும் ரெகுலேட்டர் வயதாகிப் பழுதானால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 6, 7 என்று ஏறிவிடும். இந்த ரகச் சிப்கள் தாங்கும் எல்லை 5.25 வோல்ட். அதைத் தாண்டினால் முதல் பலி நினைவகச் சிப்கள். எனவே கட்டையைக் கணினியில் செருகாமல் தனியே மின்சாரத்தில் போட்டு, மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். போட்டவுடன் ஒருமுறை, நன்றாகச் சூடேறிய பிறகு இன்னொரு முறை. குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக நடந்துகொள்ளும் ரெகுலேட்டர், சூடானதும் எகிறுவதுண்டு. அளவு சரியாக இருந்தாலும், பழைய கட்டையை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாகச் செய்த பவர் சப்ளை ஒன்றை வாங்கிக்கொள்வதே நல்லது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் யாராவது கொண்டுவந்த பெட்டியை நம் ஊரில் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒரு சொல். அந்தக் கட்டை 120 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகவே கூடாது.

சரி, மின்சாரம் ஒழுங்காக இருக்கிறது. இனிதான் சுவையான பகுதி. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நலமாக இருக்கும் பெட்டியிலும் முதல் இரண்டு விநாடி திரை கறுப்பாகத்தான் இருக்கும். அந்த இரண்டு விநாடியில் கணினி சும்மா இருப்பதில்லை. தன் நினைவகத்தைத் தானே சோதித்துக்கொண்டிருக்கிறது. 1024ஆம் முகவரியில் தொடங்குகிறது. அங்கே ஏற்கெனவே என்ன இருந்ததோ அதை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. பிறகு பூஜ்யமும் ஒன்றும் மாறி மாறி வரும் ஒரு கோலத்தை அங்கே எழுதுகிறது. எழுதியதைத் திரும்பப் படிக்கிறது. சரியாக வந்தால், கோலத்தை ஓரிடம் இடப்பக்கம் நகர்த்தி மறுபடியும் எழுதிப் படிக்கிறது. அதுவும் சரி என்றால், பத்திரமாக வைத்திருந்த பழைய மதிப்பை அதே இடத்தில் வைத்துவிட்டு, அடுத்த முகவரிக்கு நகர்கிறது. வகுப்பில் ஆசிரியர் வருகை எடுப்பதுபோல ஒவ்வொரு பெயராக, ஏறத்தாழ நாற்பதாயிரம் முகவரிகள். அத்தனையும் இரண்டு விநாடியில், ஒரு மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஒரு சின்னச் செயலியால்!

எங்கே நிறுத்துகிறது? பதில் வராத முதல் முகவரியில். நல்ல பெட்டியில் அந்த முகவரி 40960. எழுதி மாற்றக்கூடிய நினைவகத்தை ராம் என்றும் மாற்ற முடியாததை ரோம் என்றும் சொல்கிறோமே, அந்த இடத்தில் பேசிக் மொழி பதிந்த ரோம் குறுக்கே நிற்கிறது. கணினி எழுதுவது அடியில் இருக்கும் ராமுக்குப் போகிறது, படிக்கும்போது ரோம் பதில் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. ‘நினைவகம் இத்துடன் முடிந்தது’ என்று கணினி முடிவுகட்டுகிறது. பேசிக் நிரல்களுக்கான இடம் 2049இல் தொடங்குவது. 40960இலிருந்து 2049ஐக் கழித்துப் பாருங்கள். நீங்கள் குறித்து வைத்த எண்ணேதான்.

என்ன அழகான ஏற்பாடு இது! நினைவகம் எங்கே முடிகிறது என்று யாரும் கணினிக்குச் சொல்லி வைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அதுவே நடந்து போய், முட்டிக்கொண்ட இடத்தை அளந்து வந்து சொல்கிறது. ஆகவே திரையில் வரும் எண் வெறும் வரவேற்பு வாசகம் கிடையாது. அது ஒரு சோதனை அறிக்கை. 14335 என்று வந்தால்? 2049ஐக் கூட்டினால் 16384. அந்த முகவரியில்தான் ஏதோ ஒரு சிப் தடுமாறியிருக்கிறது. கருவி எதுவும் இல்லாமல், ஒரு கூட்டல் கணக்கிலேயே பழுது இருக்கும் இடம் தெரிந்துவிட்டது.

எண் குறைந்தாலே பழுது என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. டேவிட் சைமன்ஸ் என்ற பதினாறு வயது ஆங்கிலேயச் சிறுவன் எழுதிய ‘சைமன்ஸ் பேசிக்’ 1983இல் கார்ட்ரிட்ஜாக வெளிவந்தது. படம் வரையவும் இசை அமைக்கவும் புதிய கட்டளைகளைப் பேசிக்கில் சேர்த்தது. அதைச் செருகிப் போட்டால் திரையில் 30719 என்றுதான் வரும். பதறத் தேவையில்லை. கார்ட்ரிட்ஜ் 32768ஆம் முகவரியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, சோதனை அங்கேயே முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. எண் குறைவாகக் காட்டும் பெட்டி கைக்கு வந்தால் முதலில் பின்பக்கத் துளையைப் பாருங்கள், ஏதாவது கார்ட்ரிட்ஜ் செருகியிருக்கிறதா என்று.

சோதனைக்கு ஓர் எல்லையும் உண்டு. 40960க்கு மேலே இருக்கும் ராமை அது தொடுவதே இல்லை. அங்கே பழுதிருந்தால் பெட்டி நன்றாகவே எழுந்து, ஏதாவது பெரிய விளையாட்டை ஏற்றும்போது மட்டும் நின்றுபோகும்.

இனி, எண்ணே வராத பெட்டி. ஆரம்பகாலப் போர்டுகளில் நினைவகம் எட்டு சிப்களாக இருக்கும். ஒவ்வொரு பைட்டிலும் எட்டு பிட். அந்த எட்டையும் எட்டு சிப்கள் ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. அதனால் ஒரு சிப் முழுவதும் செத்தால் எல்லா முகவரிகளிலும் ஒரு பிட் பொய் சொல்லும். சோதனை நிரல் தொடங்குவதற்கே செயலிக்கு நல்ல நினைவகம் கொஞ்சம் வேண்டும். அதுவும் கிடைக்காததால் திரை கறுப்பாகவே நின்றுவிடுகிறது.

இங்கே விரல் உதவும். பெட்டியைப் போட்டு ஒரு நிமிடம் கழித்து எட்டு சிப்களையும் மெல்லத் தொட்டுப் பார்த்தால், ஏழு வெதுவெதுப்பாகவும் ஒன்று சுடச்சுடவும் இருந்தால், அந்த ஒன்றின்மேல் சந்தேகப்படலாம். இன்னொரு வழி, அதே ரக நல்ல சிப் ஒன்றைச் சந்தேகச் சிப்பின் முதுகில், கால்கள் ஒன்றோடொன்று தொடும்படி ஏற்றிவைத்துப் போட்டுப் பார்ப்பது. கீழே இருப்பது வாயே திறக்காத சிப் என்றால் மேலே இருப்பது பதில் சொல்லும், பெட்டி எழுந்துவிடும். கீழ்ச்சிப் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் இந்த வழி பலிக்காது.

இவற்றையெல்லாம்விட நேர்த்தியான ஒன்றைக் கமடோர் நிறுவனமே தன் பழுதுபார்ப்பவர்களுக்குக் கொடுத்தது. டெட் டெஸ்ட் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். கணினியின் சொந்த ரோமை ஒதுக்கிவிட்டுத் தானே பொறுப்பை எடுத்துக்கொள்ளும், ராம் செத்திருந்தாலும் ஓடும். பழுதான சிப் எதுவோ அதற்கேற்பத் திரையை அத்தனை முறை பளிச் பளிச்சென்று மின்னச் செய்யும். ஒன்று முதல் எட்டுவரை எண்ணிக்கொண்டால் போதும். எழுத்து காட்டக்கூட வழியில்லாத பெட்டி வெறும் வெளிச்சத்தைக் கொண்டு தன் நோயைச் சொல்கிறது. இதை யோசித்த பொறியாளரைக் கைகுலுக்கிப் பாராட்ட வேண்டும்.

டெட் டெஸ்டும் கறுப்பாகவே நின்றால் சந்தேகம் மூவர்மேல் திரும்பும்: செயலி, படச் சிப், பிஎல்ஏ. இந்த மூன்றாவது, ஒவ்வொரு முகவரிக்கும் ராம் பதில் சொல்லட்டுமா ரோம் சொல்லட்டுமா என்று தீர்ப்புச் சொல்லும் சிப். இயல்பாகவே சூடாக ஓடும், அதிகமாகச் சாவதும் அதுதான். இன்று ஆர்வலர்கள் புதிதாகச் செய்த மாற்றுச் சிப்கள் கிடைக்கின்றன. பாப் யானஸின் ஒலிச் சிப்பைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம். அது இல்லாவிட்டாலும் பெட்டி எழுந்துவிடும், ஊமையாக. சாக்கெட்டில் இருந்தால், தேடல் முடியும்வரை அதை எடுத்துப் பத்திரப்படுத்துவது நல்லது. இன்று அசல் சிப் கிடைப்பது அரிது.

நேரம் நெருங்குகிறது. அரைகுறையாக எழும் பெட்டிகளைப் பற்றிச் சுருக்கமாக: அறிவிப்பு வந்தும் கர்சர் மின்னவில்லையென்றால், விசைப்பலகையையும் கர்சர் துடிப்பையும் கவனிக்கும் சிஐஏ சிப்பைப் பாருங்கள். ஜாய்ஸ்டிக் துளையை விரலால் தொடும்போது பாயும் நிலைமின்சாரமே அதைக் கொன்றுவிடும். எழுத்துகளுக்குப் பதில் கிறுக்கல் வந்தால் எழுத்துரு ரோம். நீலத்திரை மட்டும் வந்து வாசகம் வராவிட்டால் பெரும்பாலும் பேசிக் ரோம்.

நேயர்களில் யார் வீட்டுப் பரணிலாவது இந்தப் பழுப்புநிறப் பெட்டி இருந்தால், இந்த வாரமே இறக்குங்கள். தூசி தட்டுங்கள், பவர் சப்ளையை அளக்காமல் செருகாதீர்கள், திரையில் என்ன எண் வந்தாலும் அதோடு 2049ஐக் கூட்டிப் பாருங்கள். உங்கள் பெட்டி 40960 வரை நடந்து போய்வரட்டும்.