பழுது கூறும் மொழி: ஒரு பழைய டர்போ காரும் ஒரு குறிப்பேடும்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் வினைச்சொற்களோடு வாழ்ந்த ஒருவன், ஓய்வுபெற்றபின் நகக்கண்களில் எண்ணெய்க் கறையோடு மேடையேறுவது உங்களிற் சிலருக்கு வியப்பளிக்கலாம். துறைமொழி குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். எனக்கு இன்று நன்கு தெரிந்த துறை ஒன்றுதான்: பழைய டர்போ கார் ஒன்றை வீட்டு முன்றிலில் வைத்துப் பழுதுபார்ப்பது. அதைப் பற்றியே பேசுகிறேன்.

ஷா ஆலமில் 1967 முதல் வோல்வோ கார்களைப் பொருத்தும் தொழிற்சாலை ஒன்று இயங்கிவருவதை அறிவீர்கள். 1990களில் வந்த 940 டர்போ வகையைச் சேர்ந்தது என் கார். ஓய்வூதியம் பெறத் தொடங்கிய ஆண்டில், பலர் கைமாறிய அதனை வாங்கினேன். விலை மலிவு, மலிவுக்கான காரணம் பின்னர் தெரிந்தது.

முதலில் டர்போ என்ற சொல்லைப் பார்ப்போம். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குச் சுழற்காற்று என்றும் பம்பரம் என்றும் பொருள் உண்டு. ஒரே தண்டின் இரு முனைகளிலும் பொருத்திய இரண்டு சிறு சக்கரங்களே டர்போ. இயந்திரம் வெளியேற்றும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. மறுமுனைச் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, இயந்திரத்துக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும், ஆற்றல் கூடும். இக்கருத்துக்குச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரெட் பூஹி 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். தண்டு நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது. அது எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்து சுழல்கிறது. அந்த எண்ணெய் தன் எடையாலேயே கீழிறங்கி இயந்திரத்தின் அடித்தொட்டிக்குத் திரும்பவேண்டும். இந்தக் கடைசிச் செய்தியை மட்டும் நினைவில் நிறுத்துங்கள். டர்போவைச் சுழலூட்டி என அழைக்கலாம் என்று நான் ஒருமுறை கூறினேன். பழுதுபார்ப்போர் எவரும் அதை ஏற்கவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

வாங்கிய மூன்றாம் மாதம் வண்டியின் பின்குழாயிலிருந்து நீலப் புகை கிளம்பியது. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். கறுப்பு என்றால் எரிபொருள் மிகை. விடாது வரும் வெண்புகையானால் குளிர்நீர் உள்ளே கசிகிறதா என ஐயுறவேண்டும். பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்குச் சென்றேன். அங்கிருந்தவர் புகையைப் பார்த்தார், போனட்டைத் திறக்கவுமில்லை. "டர்போ போய்விட்டது" என்றார். புதியது வைக்கச் சில ஆயிரம் வெள்ளி ஆகும் என்றார்.

அந்தத் தொடரை நான் வீடுவரை சுமந்துகொண்டு வந்தேன். வகுப்பறையில் 'விடு' என்னும் துணைவினையை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஒரு செயல் முற்றுப்பெற்றது, இனி மீளாது என்னும் உறுதியை அது தரும். 'புகைகிறது' என்பது அறிகுறி கூறும் தொடர். 'போய்விட்டது' என்பது தீர்ப்புக் கூறும் தொடர். முன்னதற்குப் பின் கேள்வி கேட்கலாம். பின்னதற்குப் பின் விலை மட்டுமே கேட்கலாம். இவ்வளவும் தெரிந்த நான் அன்று எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. மாலையில் என் மனைவி தம் தங்கையிடம் தொலைபேசியில், "டர்போ போய்விட்டதாம்" என்றார். அந்த 'ஆம்' இடைச்சொல் பிறர் சொல்லக் கேட்டது என்பதை உணர்த்துவது. மொழியியல் பயின்ற என்னைவிட அவருடைய வாக்கியமே உண்மைக்கு நெருக்கமாக இருந்தது!

என் அண்ணன் மகன் தொழிற்கல்லூரியில் வாகனத் தொழில்நுட்பம் பயின்றுகொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தவன், "சித்தப்பா, புகை எப்போது வருகிறது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டான். எழுதவில்லை. அன்றுதான் குறிப்பேடு தொடங்கியது. ஒரு வாரம் கவனித்து எழுதினேன்: காலையில் இயக்கியதும் சிறிது, நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது இல்லை, சிவப்பு விளக்கில் நெடுநேரம் நின்று புறப்படும்போது மிகுதி. இந்த மூன்று வரிகளைப் படித்ததும் அவன் பார்வை டர்போவை விட்டு வேறிடம் சென்றது.

முதலில், இயந்திரம் ஆறியிருந்த நிலையில் டர்போவின் காற்றுக்குழாயைக் கழற்றி, சக்கரத்தின் முனையை விரலால் அசைத்துப் பார்க்கச் சொன்னான். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இருக்கலாம். எண்ணெய்ப் படலத்துக்கான இடம் அது. சக்கரத்தின் இதழ் சுற்றுச்சுவரை உரசக்கூடாது. முன்பின்னாக அசைவது விரலுக்குத் தெரியக்கூடாது. என் டர்போ இரண்டிலும் தேறியது. அடுத்து, இயந்திரம் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி அங்கே ஓர் இரப்பர்க் கையுறையைக் கவிழ்த்தான். கையுறை உப்பி, ஐந்து விரலும் விறைத்து எழுந்து நின்றது.

இயந்திரத்தின் அடிப்பகுதியில் சேரும் வளியை வெளியேற்ற ஒரு மூச்சுவழி உண்டு. காற்று உள்ளேறும் குழாய்த்தொகுதிக்குக் கீழே ஓர் எண்ணெய் பிரிக்கும் பெட்டியும், அதிலிருந்து செல்லும் இரப்பர்க் குழாய்களும் அதன் உறுப்புகள். பல ஆண்டுக் கசடு அவற்றை அடைத்திருந்தது. உள்ளே அழுத்தம் ஏறியதால், டர்போவிலிருந்து கீழிறங்க வேண்டிய எண்ணெய் இறங்க வழியின்றித் தேங்கி, தண்டின் அடைப்பு வளையங்களைக் கடந்து புகைவழிக்குள் புகுந்தது. டர்போ குற்றமற்றது. பெட்டியை மண்ணெண்ணெயில் கழுவினோம். குழாய்களைப் புதிதாக வாங்கினோம். புகைக்குழாயில் எஞ்சிய எண்ணெய் எரிந்து தீர ஒரு வாரம் ஆயிற்று. பின் புகை இல்லை.

இரண்டாவது பழுதும் ஏறத்தாழ இதே பாடத்தையே கற்பித்தது. வண்டி திடீரென்று வலுவிழந்தது. இவ்வகை கார்களில் போனட்டுக்கடியில் சிறு கறுப்புப் பெட்டி ஒன்று உண்டு. அதன் கம்பியை இரண்டாம் துளையில் செருகி, பொத்தானை ஓரிரு விநாடி அழுத்தினால், சிவப்பு விளக்கு மூன்று இலக்கங்களை மின்னிக் காட்டும். 1-1-1 என்றால் பழுதில்லை. எங்களுக்கு வந்தது 1-2-1. காற்றளவியின் குறிப்பு சரியில்லை என்பது அதன் பொருள். நான் உடனே, "காற்றளவி போய்விட்டது" என்றேன்! அண்ணன் மகன் சிரித்தான். குறிப்பு சரியில்லை என்றுதான் பெட்டி சொன்னது. கருவி கெட்டது என்று சொல்லவில்லை. செருகியின் பின்புறம் ஒரு கம்பி அற்றிருந்தது. பற்றவைத்ததோடு வேலை முடிந்தது.

ஒலிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இரட்டைக்கிளவிக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். கடகட, கரகர, கணகண, படபட என்று ஒலியின் வகையையே பெயராக்கும் வளம் நம்மிடம் உண்டு. பழுதுபார்ப்போர்க்கு அது பெருஞ்செல்வம். என் காரில் மேடேறும்போது மட்டும் 'உஸ்' என்றொரு ஒலி எழுந்தது. நிற்கும்போது அழுத்தம் இல்லாததால் ஒலியும் இல்லை. டர்போவின் உறிஞ்சும் வாயை, டயர் வால்வு பொருத்திய குழாய்மூடியால் அடைத்தோம். மூச்சுக்குழாயையும் மறக்காமல் அடைத்தோம். பின் டயர் பம்பினால் சிறிதளவு காற்றை ஏற்றி, இணைப்புகள்மேல் சோப்பு நீரைத் தடவினோம். காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்ப்பட்டையில் குமிழிகள் பொங்கின. 'உஸ்' என்று எழுதியதால் கசிவைத் தேடினோம். 'சத்தம்' என்று எழுதியிருந்தால் எதைத் தேடியிருப்போம்?

இனி மாற்றியமைத்தலுக்கு வருகிறேன். இது நான் மகிழ்ந்து சொல்லும் பகுதி அன்று.

டர்போவின் அழுத்தம் எல்லை கடவாதபடி காக்க வேஸ்ட்கேட் என்னும் கதவு உண்டு. அதைத் திறக்கும் தண்டின் நீளத்தைத் திருகிக் குறைத்தால் கதவு தாமதமாகத் திறக்கும், அழுத்தம் ஏறும். ஒரு காசும் செலவில்லை. இந்நாட்டில் இயந்திரத்தையே மாற்றுவோர் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலைப் பெறவேண்டும். ஒரு திருகாணியின் இரண்டு சுற்றை யார் காண்பார்? அண்ணன் மகன் இல்லாத ஒரு நாள், இரண்டு சுற்றுத் திருகினேன். வண்டி பறந்தது. அறுபது வயதைக் கடந்தவனுக்கு அந்த மகிழ்ச்சி வெட்கம் தருவதாக இருந்தது. அதனால் குறிப்பேட்டில் எழுதவில்லை.

சில வாரங்கள் கழித்துக் காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா நோக்கி ஏறும்போது, தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைக் குலுக்கியதுபோல் ஓர் ஒலி கேட்டது. தீப்பொறிக்கு உரிய ஒழுங்கின்றிக் கலவை வெடிக்கும்போது எழும் ஒலி அது. உடனே காலை எடுத்திருக்கவேண்டும். நான் எடுக்கவில்லை. குறிப்பேட்டில் 'சிறு ஒலி' என்று எழுதினேன். ஒலிக்குறிப்புச் சொற்கள் பற்றி மாணவர்க்கு வகுப்பெடுத்தவன் எழுதிய சொல் அது.

அடுத்த மாதம் அண்ணியாரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற அண்ணன் மகன், பாதி வழியில் நின்றுவிட்டான். வாடகை வண்டியில் போய்ச் சேர்ந்தார்கள், நேரம் தவறியது. உருளைகளின் அழுத்தத்தை அளந்தபோது மூன்று உருளைகள் ஏறத்தாழ ஒத்த அளவைக் காட்டின. மூன்றாம் எண் உருளை அவற்றில் பாதியைக்கூட எட்டவில்லை. பிஸ்டனின் வளையம் அமரும் விளிம்பு உடைந்திருந்தது. எரிபொருள் வடிகட்டி பாதி அடைத்திருந்ததும் தெரிந்தது. ஏற்றிய காற்றுக்கு ஈடான எரிபொருள் சேரவில்லை. அழுத்தத்தைக் கூட்டுவோர் முதலில் எரிபொருள் அழுத்தத்தை அளக்கவேண்டும், வடிகட்டியை மாற்றவேண்டும், அழுத்தமானியைக் கண்முன் பொருத்தவேண்டும். மூன்றில் ஒன்றையும் நான் செய்யவில்லை.

ஆனால் என்னை உறுத்துவது பிஸ்டன் அன்று. தொழிற்சாலை வைத்த அழுத்தத்தில் ஓடிய வண்டி ஏன் இப்படி உடைந்தது என்று அவன் இரண்டு வாரவிடுமுறைகள் தேடினான். குறிப்பேட்டை முதற்பக்கத்திலிருந்து படித்தான். தன் பழுதுபார்ப்பில் எங்கோ பிழை நேர்ந்தது என்று தன்னையே ஐயுற்றான். கம்பியைப் பற்றவைத்த இடத்தைக்கூட மீண்டும் பிரித்துப் பார்த்தான். அவன் நம்பிய ஏட்டில் ஒரு வரி இல்லை. அதை நான் அவனிடம் சொல்ல, இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலைவரை ஆயிற்று.

அவன் கோபிக்கவில்லை, நெடுநேரம் பேசவுமில்லை. பின் தண்டைப் பழைய நீளத்துக்குத் திருகி, குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, காராக் நெடுஞ்சாலைப் பதிவுக்கு மேலே இருந்த சிறு இடைவெளியில் தன் கையெழுத்தில் எழுதினான்: 'வேஸ்ட்கேட் தண்டு, இரண்டு சுற்று, சித்தப்பா.' 'சிறு ஒலி' என்பதை அடித்துவிட்டு, 'கணகண' என்று திருத்தினான்.

வண்டி இப்போது ஓடுகிறது. குறிப்பேட்டைக் கொண்டுவந்திருக்கிறேன், பார்க்க விரும்பும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் வாருங்கள். எண்ணெய்க் கறை இருக்கும்.