அம்மா வைத்த ஆடாதோடை வேலி

(கிளையின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

வேதாந்தமும் சங்கீதமும் பேசக்கூடிய பெரியவர்கள் இருக்கும் இடத்தில் நான் செடி வெட்டுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். செயலாளர் பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் புனேயில் வீடு கட்டிக் குடிவந்தபோது, என் தாயார் ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த ஆடாதோடைப் போத்துகளைத் தெருவோரமாக வரிசையாக நட்டார். இங்கேயும் அது அடுள்சா என்ற பெயரில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அம்மாவுக்கு ஊர்ச் செடிதான் செடி! ஆடு தொடாத இலை என்பதால் வேலிக்கு மிகப் பொருத்தம். வீட்டில் யாருக்கு இருமல் என்றாலும் அந்த வேலியிலிருந்துதான் கஷாயம். இன்று இருமல் மருந்துகளில் வரும் ப்ரோம்ஹெக்ஸின், இந்த இலையிலுள்ள வாஸிஸின் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டு உருவானதுதான். (கர்ப்பிணிகளுக்கு மட்டும் இந்தக் கஷாயம் கூடாது.)

அம்மா காலமான பிறகு, "அம்மா வைத்தது" என்று ஒருவரும் அதில் கை வைக்கவில்லை. ஏழெட்டு வருஷத்தில் செடிகள் ஆளுயரத்தைத் தாண்டிவிட்டன. உச்சியில் மட்டும் இலை. கீழே வெறும் குச்சி. தெருநாய்கள் தாராளமாக உள்ளே வந்து போயின. "எல்லாத்தையும் எடுத்துட்டுச் சுவர் எழுப்பிடலாம்பா" என்றான் பையன். எனக்கு மனசு வரவில்லை. பதில் சொல்லவும் தெரியவில்லை.

தோட்டவேலைக்கு வரும் வயதான மாலியைக் கேட்டேன். "வெட்டாமல் விட்டதுதான் தப்பு, சாஹேப். தரையிலிருந்து ஒரு அடி விட்டு மீதியை எடுத்துவிடுங்கள்" என்றார். என் ஆத்துக்காரி பதறினாள். "அம்மா கையால வெச்சது. பட்டுப்போயிட்டா என்ன பண்றது?"

கடைசியில் பாதி வரிசையை மட்டும் வெட்டுவதென்று முடிவாயிற்று. மே மாதக் கடைசியில், மழைக்கு முன்னால் வெட்டினோம். இருபது நாள் மொட்டைக் கட்டைகள்தான். பக்கத்து வீட்டு அம்மாள் துக்கம் விசாரிப்பது போல் விசாரித்தார். மழை பிடித்ததும் கணுவுக்கு இரண்டு துளிர் கிளம்பியது. மறுபாதியை அடுத்த வருஷம் வெட்டினோம்.

இதற்குக் காரணம் எளிது. உச்சி மொட்டிலிருந்து இறங்கும் ஆக்ஸின் என்ற பொருள் கீழ்க் கணுக்களைத் தூங்க வைக்கிறது. உச்சியை எடுத்தால் அவை விழித்துக்கொள்கின்றன. அம்மா கஷாயத்துக்கும், கேட்டவர்களுக்குக் கொடுக்கவும் ஓயாமல் நுனி ஒடித்துக்கொண்டே இருந்தார். அதுதான் கவாத்து என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

புதிதாக வைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

ஒன்றரை அடி இடைவெளியில் மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள். கன்று ஒன்றரை அடி வந்ததும் தயங்காமல் பாதியாக வெட்டுங்கள். அப்போது இரக்கப்பட்டால் வேலியின் அடிப்பாகம் என்றைக்கும் நிறையாது.

பிறகு ஒவ்வொரு முறை அரை அடி வளர்ந்ததும் அதில் பாதியைக் கத்தரியுங்கள். அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் இருக்கட்டும். மேல் அகன்றால் கீழே வெயில் படாது, இலை உதிரும்.

கடுங்கோடையிலும், வடக்கே கடுங்குளிரிலும் பலமாக வெட்ட வேண்டாம். வெட்டுமுன் உள்ளே கையை விட்டு விலக்கிப் பாருங்கள். தையல்சிட்டோ கொண்டைக்குருவியோ கூடு கட்டியிருந்தால், குஞ்சு பறக்கும்வரை கத்தரியை உள்ளே வையுங்கள்.

டெல்லியில் அடூஸா, கல்கத்தாவில் பாசக், பெங்களூரில் ஆடுசோகே என்று நர்சரியில் கேளுங்கள். நொச்சியும் நன்றாக வரும். வடக்கே அது நிர்குண்டி. ப்ளாட்டில் இருப்பவர்கள் காலனி காம்பவுண்டு ஓரத்தில் வைக்கலாம். நர்சரிக்காரர்கள் மஞ்சள் டுராண்டாவைத்தான் முதலில் காட்டுவார்கள். அது அமெரிக்கச் செடி, அதன் காய் விஷம். அழகுக்கும் வேலிக்குமென்று 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்த உண்ணிச்செடி நம் காடுகளில் எப்படிப் பரவிவிட்டது என்பது உங்களுக்குத் தெரியும். நம் மண்ணின் செடி இருக்க அது எதற்கு?

இன்று எங்கள் வேலி மறுபடி இடுப்பளவில் அடர்ந்து நிற்கிறது. சுவர் பேச்சை யாரும் எடுப்பதில்லை. பெரியவர்கள் வைத்ததைத் தொடாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்து, அதை அழிய விடப் பார்த்தேன். இப்போது கத்தரி பையன் கையில்.

போன வாரம் வெட்டிய கொம்புகளைக் கட்டுக்கட்டாக வாசலில் வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் போகும்போது ஆளுக்கு ஒரு கட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நுனியை ஒடிக்க மட்டும் தயங்காதீர்கள்.